மலைவழியும் கற்சுவரும்

இத்தாலி நாட்டின் வடமேற்கே, மத்தியதரைக் கடலின் கரையில், செங்குத்தான மலைகள் நீர்விளிம்பு வரை இறங்கி நிற்கும் பகுதி ஒன்று உண்டு. அம்மலைகளின் அடியில் மொந்தெரோசோ, வெர்னாட்சா, கொர்னீலியா, மனரோலா, ரியோமஜ்ஜோரே என்னும் ஐந்து சிற்றூர்கள் அமைந்துள்ளன. அவற்றை ஒருங்கு சேர்த்துச் ‘சிங்குவே தெர்ரே’ என வழங்குவர். ‘ஐந்து நிலங்கள்’ என்பது அப்பெயரின் பொருள். இவ்வூர்களுக்கு மேலே நெளிந்து செல்லும் பழைய ஒற்றையடிப் பாதைகளில் நடந்து மகிழ்தற்பொருட்டு, ஆண்டுதோறும் பல நாட்டு மக்கள் திரளாக வருகின்றனர்.

அவர்கள் காணும் காட்சி இனியது. ஒருபால் நீலக்கடல் விரிந்து கிடக்கும். மற்றொருபால் ஒலிவ மரங்களும் திராட்சைக் கொடிகளும் அடுக்கடுக்காக உயர்ந்து தோன்றும். ஆயினும், காட்சியில் ஈடுபட்டோர் தம் காலடியை நோக்குவது அரிது. அறியத்தக்க செய்தி ஆங்கன்றோ உளது?

இப்பாதைகள் இன்பச் செலவுக்கென அமைந்தவை அல்ல. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக உழவர் அம்மலையைப் படிப்படியாகத் திருத்தினர். சாந்து இன்றிக் கல்லின்மேற் கல்லடுக்கிச் சுவரெழுப்பினர். சுவரின் பின்னே மண் நிரப்பிப் பயிர் செய்தனர். அந்நிலங்களுக்கு ஏறவும், திராட்சைக் கூடைகளைச் சுமந்து இறங்கவும், ஊர்விட்டு ஊர் செல்லவும், மலைமேலுள்ள மாதா கோயில்களை அடையவும் உண்டானவையே இவ்வழிகள்.

சாந்து இன்மை அச்சுவர்க்குக் குறையன்று. மழைநீர் கற்களின் இடைவெளி வழியே கசிந்து வெளியேறும். அதனால் நீர் தேங்கிச் சுவரைத் தள்ளுவதில்லை. ஆயின், ஒரு கல் பெயர்ந்தால் உடனே அதனைத் திரும்ப வைத்தல் வேண்டும். வையாதுவிடின் சுவர் சரியும். சுவர் சரியின் மண் சரியும். அதனோடு பாதையும் அழியும்.

இருபதாம் நூற்றாண்டில் இளைஞர் பலர் நகரத் தொழில்களை நாடிச் சென்றனர். நிலங்கள் தரிசாயின, கற்களை எடுத்து வைப்பார் இலராயினர். 2011-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள், சில மணி நேரத்திற் கொட்டிய பெருமழையில் மண்ணும் கல்லும் பெருகி வந்து வெர்னாட்சா, மொந்தெரோசோ ஆகிய ஊர்களின் தெருக்களை மூடின, உயிர்களும் மாண்டன. அண்மையிற் கைவிடப்பட்ட அடுக்கு நிலங்களில் மண்சரிவு மிகுந்திருந்தமையைப் பின்னர் ஆராய்ந்தோர் கண்டனர். வெள்ளம் வருமுன் அணைகோல வேண்டும் என்னும் பழமொழியின் உண்மை இங்குப் புலனாகும்.

1874-இல் இருப்புப்பாதை வந்தபின் ஒற்றையடிப் பாதை எதற்கு எனக் கேட்பார் உளர். இருப்புப்பாதை மக்களை ஊருக்குக் கொண்டு சேர்க்கும். மலைமேற் பெயர்ந்த கல்லிடத்துக் கொண்டு சேர்க்குமோ? பாதை அழியின் சுவரைக் காப்பார் செல்ல இயலாது. சுவர் அழியின் கீழுள்ள ஊர்க்குக் காவல் இல்லை. எனவே பழைய வழிகளைப் பேணுதல் பழமைமேற் கொண்ட ஆசையன்று. ஊரைக் காக்கும் கடமையாம்.

1997-இல் இப்பகுதி உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது. 1999-இல் தேசியப் பூங்காவாயிற்று. சாந்தின்றிச் சுவரடுக்கும் கலையும் 2018-இல் உலகச் சிறப்புப் பெற்றது. எனினும், பட்டயம் கல்லடுக்காது, கையே கல்லடுக்கும். நடக்க வருவோர்க்கும் இதிற் பங்குண்டு. தக்க காலணியின்றி மலையேறுவோர்க்குத் தண்டம் விதிக்கப்படும் எனப் பூங்கா நிர்வாகம் 2019-இல் அறிவிக்க நேர்ந்தது. சுவர்மேல் ஏறாமையும், குறுக்கு வழி தேடாமையும், குப்பை எறியாமையும் வருவோர் செய்யத்தக்க சிறு உதவிகளாம்.

தமிழில் ‘நெறி’ என்னும் சொல் நடக்கும் வழியையும் குறிக்கும், ஒழுக்கத்தையும் குறிக்கும். முன்னோர் அமைத்த வழியில் நடப்போர், அதனைப் பின்வருவோர்க்கும் விட்டுச்செல்லுதலே நெறியாகும்.