நள்ளிரவில் ஒரு வியாபாரம். நஷ்டம் மட்டும் ரசிகன் தலையிலா?

அமெரிக்காவில் டாலஸ் நகரத்துக்கு ஒரு கூடைப்பந்து டீம் உண்டு. பெயர் மேவரிக்ஸ். அந்த டீமின் ரசிகர்கள் தங்கள் மானேஜரை ஒன்பது மாதம் ஓட ஓட விரட்டினார்கள். கையால் அல்ல, வாயால்!

"நிக்கோவை நீக்கு!" - இதுதான் கோஷம். டீம் தோற்றாலும் கோஷம், ஜெயித்தாலும் கோஷம். சொந்த ஆட்டக்காரர் பந்தைக் கையில் வைத்துக் குறி பார்க்கும்போதுகூட கோஷம்!

"கூட்டம் அப்படித்தான் கத்தும், ஆட்டத்தைப் பற்றி அதற்கு என்ன தெரியும்?" என்று சில மேதாவிகள் சொன்னார்கள். தெரியாதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

என்ன நடந்தது?

2025 பிப்ரவரி 1-ந் தேதி. டாலசில் இரவு மணி 11-ஐ தாண்டி விட்டது. தூங்கப் போகிற நேரத்தில் செய்தி வருகிறது: "லூக்கா டான்சிச்சை லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் டீமுக்குக் கொடுத்தாச்சு!"

யாரும் நம்பவில்லை. யாரோ விஷமி கிளப்பிய புரளி என்றுதான் நினைத்தார்கள். நினைக்க மாட்டார்களா பின்னே? லூக்கா யார்? ஸ்லோவேனியா நாட்டுப் பையன். 19 வயதில் டாலசுக்கு வந்தவர். முந்தைய சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 33.9 புள்ளி எடுத்து என்.பி.ஏ.யிலேயே முதல் ஆளாக நின்றவர். 2024 ஜூனில் டீமை இறுதிப் போட்டி வரைக்கும் கொண்டுபோனவர். விற்கும்போது அவருக்கு வயது 25!

பதிலுக்கு வந்தவர் அந்தோணி டேவிஸ். நல்ல ஆட்டக்காரர், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் வயது 31. அடிக்கடி காயம் பட்டு உட்காருகிறவர். கூடவே மேக்ஸ் கிறிஸ்டி என்ற இளைஞர். அப்புறம் 2029-ல் புது ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு முதல் சுற்று உரிமை.

அவ்வளவுதான். பாலைப் பொழிகிற மாட்டைக் கொடுத்துவிட்டு, வயசான காளையையும் நாலு வருஷம் கழித்து வரப்போகிற ஒரு கன்றுக்குட்டிக்கு வாக்குறுதியையும் வாங்கி வந்த கதை!

விலை விசாரித்தாரா?

மானேஜர் நிக்கோ ஹாரிசனுக்கும் ஒரு நியாயம் உண்டு. அதையும் சொல்லி விடுவோம். தடுப்பாட்டம்தான் கோப்பையை வாங்கித் தரும் என்பது அவர் கட்சி. லூக்கா தடுப்பாட்டத்தில் கொஞ்சம் சோம்பேறி, உடம்பைக் கட்டுக்கோப்பாக வைத்திருப்பதில்லை, காலில் காயம் வேறு. அடுத்த ஒப்பந்தம் என்று வந்தால் 5 வருஷத்துக்கு 34½ கோடி டாலர் வரைக்கும் எடுத்து வைக்க வேண்டியிருக்கும். பெரிய தொகை. யோசிப்பது மானேஜரின் வேலை. இதே ஹாரிசன்தான் கைரி இர்விங்கைக் கொண்டுவந்து, பலவீனமான இடங்களை அடைத்து, டீமை 2024 இறுதிப் போட்டிக்குத் தயார் செய்தவர். கைக்கு வராத ஆள் அல்ல.

சரி, விற்பது என்றே முடிவு. ஒரு பழைய சைக்கிளை விற்கிறவன்கூட நாலு பேரிடம் விலை கேட்பான். ஹாரிசன் என்ன செய்தார்? ஜனவரியில் லேக்கர்ஸ் மானேஜர் ராப் பெலிங்காவைக் காபி சாப்பிடக் கூப்பிட்டார். பேச்சு ரகசியமாக நடந்தது. அந்த ஒரு டீமோடு பேசியே முடித்தும் விட்டார். மற்ற டீம்களுக்குச் சரக்கு சந்தைக்கு வந்ததே தெரியாது!

அப்போதைய சந்தை விலை என்ன தெரியுமா? 2024 கோடையில் மிக்கல் பிரிட்ஜஸ் என்ற ஆட்டக்காரரை நியூயார்க் டீம் வாங்கியது. நட்சத்திர ஆட்டத்துக்கு ஒரு தடவைகூடத் தேர்வாகாதவர் அவர். அவருக்குக் கொடுத்த விலை முதல் சுற்று உரிமை ஐந்து. லூக்காவுக்கு ஒன்று!

இதைச் சொல்ல ஆட்ட நுணுக்கம் தெரிய வேண்டியதில்லை. கல்லாவில் உட்கார்ந்து பழகிய எவரும் சொல்லி விடுவார். ரசிகர்களும் அதைத்தான் சொன்னார்கள்.

அடி மேல் அடி

டேவிஸ் டாலசுக்காக இறங்கிய முதல் ஆட்டம் பிப்ரவரி 8-ந் தேதி. 26 புள்ளி எடுத்தார். பலே என்று கை தட்டினார்கள். அதே ஆட்டத்தில் தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வர ஆறு வாரம் ஆயிற்று. அந்த சீசனில் அவர் டாலசுக்கு ஆடியது மொத்தம் 9 ஆட்டம்.

லூக்கா இல்லை, டேவிஸும் இல்லை. பாரம் முழுவதும் இர்விங் தலையில். மார்ச் 3-ந் தேதி அவருக்கும் முழங்கால் ஜவ்வு கிழிந்தது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. என்.பி.ஏ.யில் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. மேவரிக்ஸ் அந்த வரம்பை முட்டிக்கொண்டு நின்றது. ஆள் காயம்பட்டால் மாற்று ஆளைச் சம்பளத்துக்கு வைக்க வழியில்லை! ஏப்ரல் வரை காத்திருந்தால்தான் ஒருவரைச் சேர்க்கலாம் என்ற நிலை. ஆட்டத்துக்கு எட்டுப் பேர் தேறுவார்களா என்று விரல் விட்டு எண்ண வேண்டியதாயிற்று. நட்சத்திரத்தை விற்றது ஒரு தவறு என்றால், கையில் சில்லறைகூட வைத்துக்கொள்ளாமல் விற்றது அதைவிடப் பெரிய தவறு.

முடிவு? 39 வெற்றி, 43 தோல்வி. முந்தைய வருஷம் இறுதிப் போட்டியில் ஆடிய டீம், பிரதான சுற்றுக்கே தகுதி பெறவில்லை.

வெளியே போ!

மைதானத்தின் வாசலில் டிர்க் நொவிட்ஸ்கிக்குச் சிலை இருக்கிறது. 21 சீசன் ஒரே டீமுக்கு ஆடி, 2011-ல் கோப்பை வாங்கித் தந்த மகராஜன் அவர். "விசுவாசம் மங்காது" என்று சிலைக்கு அடியில் பொறித்து வைத்திருக்கிறார்கள். ரசிகர்கள் அங்கே மலர் வைத்தார்கள். சவப்பெட்டியே கொண்டுவந்து வைத்தார்கள்! விசுவாசம் செத்துப்போச்சு என்று அர்த்தம்.

உள்ளே எதிர்ப்பு அட்டை பிடித்தவர்களை என்ன செய்தார்கள்? வெளியே அனுப்பினார்கள். "விதிமுறை மீறல்" என்று விளக்கம் வேறு! காசு கொடுத்து டிக்கெட் வாங்கினவன் கை தட்டலாம், வாய் திறக்கக் கூடாதோ? இது என்ன நியாயமய்யா!

அந்தச் சூடு ஆறுவதற்குள், மார்ச் மாதம் அடுத்த சீசனுக்கான டிக்கெட் கட்டணத்தைச் சராசரியாக 8 சதவீதத்துக்கு மேல் உயர்த்தி அறிவிப்பு வந்தது. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்!

ஏப்ரல் 9-ந் தேதி லூக்கா எதிரணிச் சட்டையில் டாலசுக்கு வந்தார். அவருடைய பழைய ஆட்டங்களைத் திரையில் காட்டினார்கள். பெஞ்சில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து போய் 45 புள்ளி போட்டார்! லேக்கர்ஸ் 112, டாலஸ் 97. சொந்த ஊர்க்காரர்களே எழுந்து நின்று அவருக்குக் கை தட்டினார்கள். ஒரு மானேஜருக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா?

அதிர்ஷ்டம் சாமர்த்தியம் ஆகுமா?

2025 மே மாதம் குலுக்கல். புது ஆட்டக்காரர்களில் முதல் ஆளை எந்த டீம் எடுப்பது என்பதற்கு. டாலசுக்கு வாய்ப்பு 1.8 சதவீதம். நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. விழுந்தது! 18 வயது கூப்பர் பிளாக் கிடைத்தார். உடனே, "பார்த்தீர்களா, எல்லாம் நன்மைக்கே" என்று சிலர் ஆரம்பித்தார்கள்.

வீட்டை அடிமாட்டு விலைக்கு விற்றவனுக்கு லாட்டரியில் பணம் விழுந்தால், வீட்டை விற்றது சாமர்த்தியம் ஆகி விடுமா?

அந்தப் பையனையாவது ஒழுங்காக வைத்துக்கொண்டார்களா? இர்விங் காயத்தில் படுத்திருக்க, ஆட்டத்தை நடத்திச் செல்ல நிலையான ஆள் இல்லாமலே 2025-26 சீசனைத் தொடங்கினார்கள். முன்வரிசையில் ஆட வேண்டிய பிளாக் தலையில் அந்த வேலையையும் கட்டினார்கள். முதல் 11 ஆட்டத்தில் 3 வெற்றி, 8 தோல்வி. நவம்பர் 11-ந் தேதி ஹாரிசனின் சீட்டு கிழிந்தது. ரசிகர்களின் வருத்தம் புரிகிறது என்று உரிமையாளர் தரப்பிலிருந்து ஒரு கடிதமும் வந்தது. மூன்று மாதம் கழித்து, 2026 பிப்ரவரியில், டேவிஸையும் வாஷிங்டனுக்குத் தள்ளி விட்டார்கள். எந்த ஆளுக்காக லூக்காவைக் கொடுத்தார்களோ அந்த ஆளும் போயாச்சு.

மானேஜர் போனார், சரி. அன்றைக்குத் தலையாட்டியது யார்? 2023 டிசம்பரில் மார்க் கியூபனிடமிருந்து டீமின் பெரும்பங்கை வாங்கியது, சூதாட்ட விடுதிகள் நடத்தும் அடெல்சன் குடும்பம். அவர்கள் சம்மதிக்காமல் இந்த வியாபாரம் நடக்குமா? அந்த நாற்காலி அப்படியே இருந்தது; ஹாரிசன் தலை மட்டும் உருண்டது.

இந்த வியாதி டாலசுக்குப் புதிதும் அல்ல. 2004-ல் வயசாச்சு என்று ஸ்டீவ் நாஷைப் போக விட்டார்கள். பீனிக்ஸ் டீமுக்குப் போய் 2005, 2006 இரண்டு வருஷமும் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். 2022-ல் ஜேலன் பிரன்சன் நியூயார்க்குக்குப் போனார். டாலசுக்குக் கைம்மாறாக ஒரு தம்பிடி கிடைக்கவில்லை. இரண்டே வருஷத்தில் அவரும் நட்சத்திர ஆட்டத்தில்! அவர்கள் பெயர் போட்ட சட்டைகள் டாலஸ் வீடுகளில் பெட்டிக்கு அடியில் கிடக்கும். அதற்கு மேலே இப்போது லூக்காவின் 77-ம் நம்பர். பிளாக் சட்டையை இப்பவே வாங்கலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா என்று யோசிக்கிற டாலஸ்காரனைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம்.