காருக்குள் எந்த விளக்கு வேண்டும்?

இரவில் குடும்பத்தோடு காரில் போகிறீர்கள். பின்னால் உட்கார்ந்திருக்கும் தம்பி படக்கதைப் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு கூரை விளக்கைப் போடுகிறான். உடனே முன்னாலிருந்து அப்பாவின் குரல் வருகிறது: "விளக்கை அணைடா, ரோடு தெரியலை!" தம்பிக்குக் கோபம். வெளிச்சம் கூடினால் நன்றாகத் தெரியத்தானே வேண்டும் என்று கேட்கிறான்.

அப்பா சொல்வதே சரி. ஏன் என்பதை நீங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரவில் கண்ணாடிச் சன்னல் ஒன்றின் அருகே நில்லுங்கள். அறையில் விளக்கு எரியும்போது கண்ணாடியில் உங்கள் முகம்தான் தெரியும். விளக்கை அணையுங்கள், முகம் மறைந்து தெரு தெரியும். கண்ணாடி தன்மேல் நேராக விழும் ஒளியில் சுமார் 8 சதவீதத்தைப் பகலிலும் இரவிலும் திருப்பி அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. பகலில் வெளியிலிருந்து வரும் பெரும் ஒளியில் அது எடுபடுவதில்லை. இரவில் வெளியே இருள். ஆகவே உள்ளே எரியும் சிறு விளக்கின் பிம்பமும் பளிச்சென்று தெரிகிறது. அந்தப் பிம்பம் ஓட்டுநரின் முன்கண்ணாடியில் விழுந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்!

இன்னொரு காரணம் நம் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. விழித்திரையில் கூம்புச் செல்கள், குச்சிச் செல்கள் என இருவகை உண்டு. மங்கிய ஒளியில் பார்க்க உதவுபவை குச்சிகள். அவற்றிலுள்ள ரோடாப்சின் என்ற நிறமி ஒளி பட்டால் சிதையும்; இருளில் மீண்டும் உருவாகும். அது முழுமையாக உருவாக 20 முதல் 30 நிமிடங்கள் வரை ஆகும். முகப்பு விளக்கு எரிவதால் ஓட்டுநரின் கண் முழு இருளுக்குப் பழகுவதில்லை என்பது உண்மைதான். ஆயினும் சாலையோரத்தில் மங்கலாகத் தெரியும் ஆளையோ மாட்டையோ கண்டுகொள்ளக் குச்சிகளின் துணை வேண்டும். விமானம் இரவில் ஏறும்போதும் இறங்கும்போதும் உள்விளக்குகளை மங்கச் செய்வது இதனால்தான். ஆபத்து நேர்ந்து இருளில் வெளியேற வேண்டி வந்தால், பயணிகளின் கண்கள் முன்பே பழகியிருக்க வேண்டும் அல்லவா?

இப்போது வரும் பல கார்களில் கதவோரத்திலும் காலடியிலும் வண்ண விளக்குப் பட்டைகள் ஒளிர்கின்றன. நீல ஒளி தரும் எல்.இ.டி.யை உருவாக்கிய அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. பெரிய சாதனை, ஐயமில்லை. ஆனால் இரவுக் காருக்கு நீலம் பொருந்தாது என்பது என் கருத்து. குச்சிகள் மிகுதியாக உணர்வது 500 நானோமீட்டரை ஒட்டிய நீலப்பச்சை ஒளியை. சிவப்பு ஒளி அவற்றை அவ்வளவாகத் தாக்குவதில்லை. மேலும், பகலா இரவா என்று உடலுக்கு அறிவிக்கும் தனிச் செல்களும் விழித்திரையில் உண்டு. 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியே அவற்றை அதிகம் தூண்டும். அப்போது தூக்கத்துக்கு உதவும் மெலட்டோனின் சுரப்பது குறையும். பின்னிருக்கையில் தூங்க வேண்டிய குழந்தைக்கு இது நல்லதா?

"ஓட்டுநரின் தூக்கத்தை விரட்ட நீலம் உதவுமே" என்று நீங்கள் கேட்கலாம். விழிப்பு சற்றுக் கூடலாம், களைப்பு நீங்காது. களைப்புக்கு மருந்து, வண்டியை நிறுத்தி ஓய்வெடுப்பதுதான்.

அப்படியானால் காருக்குள் ஒரே இருட்டாக இருக்க வேண்டுமா? வேண்டாம். தண்ணீர்ப் பாட்டிலையும் இருக்கைப் பட்டையையும் தேடி எடுக்க ஒளி தேவை. பாட்டிக்குத் தன் காலடி தெரிந்தால்தான் மனம் நிம்மதியாக இருக்கும். அந்த ஒளி தாழ்வாக, மறைவாக, மங்கலாக, செம்மஞ்சள் நிறத்தில் இருந்தால் போதும். தம்பியின் படக்கதைக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஓடும் வண்டியில் படிக்கும்போது கண் 'அசைவில்லை' என்கிறது. உட்செவி 'அசைகிறோம்' என்கிறது. இந்த முரண்பாட்டால்தான் பலருக்குக் குமட்டல் வருகிறது. விளக்கை அணைத்துவிட்டு வெளியே பார்த்தால் அவனுக்கும் நல்லது.

கடையில் கார் பார்க்கப் போகிறவர்கள் விளக்கின் அழகை மட்டும் பார்க்கிறார்கள். உங்கள் வீட்டில் கார் வாங்கப் பேச்சு நடந்தால், நீங்கள் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: இந்த விளக்கின் பிம்பம் முன்கண்ணாடியில் விழுகிறதா? வேண்டும்போது இதை மங்கச் செய்யவும் அணைக்கவும் முடியுமா? வாங்கும் முன் ஒருமுறை இருட்டிய பிறகு உள்ளே உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். விடை கண்ணெதிரே தெரியும்.