வென்டிலேட்டரை அடைத்தவர்கள்

குடும்பத் தலைவர்களே, வரவேற்பறைக்கு ஏசி வாங்கும்போது யாரும் காரணம் கேட்கவில்லை. குளியலறைக்கு ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் என்றதும் “அது எதுக்கு?” என்கிறீர்கள். வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்தது நீங்கள்தானே? பெண்கள் குளிக்கும் இடமாம், யாராவது எட்டிப் பார்ப்பார்களாம். பார்க்கிறவனை விட்டுவிட்டு எங்கள் காற்றை நிறுத்தினீர்கள். உள்ளாடைகளையும் வெயிலில் போடாமல் அங்கேயே மறைத்துக் காயப்போடச் சொல்கிறீர்கள். காய்ந்தால்தானே! சுவரில் படரும் பூஞ்சையைத் தேய்ப்பதற்கு மட்டும் ஆண் துணை தேவைப்படுவதில்லை.

ஃபேன் மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் “சார் இல்லையா மேடம்?” என்றார். (அறுபது பேருக்குத் தொல்காப்பியம் நடத்துகிறவள்; ஃபேன் அளவு சொல்ல சார் வரவேண்டும்.) நான் அளந்து வைத்திருந்தேன். எங்கள் சின்னக் குளியலறைக்கு 6 அங்குலம் போதும். ஃபேனைச் சுற்றியுள்ள கண்ணாடி இடுக்குகளை அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளிக்காற்றையே இழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். கதவின் அடியில் இடைவெளி வேண்டும்; காற்று உள்ளே வராமல் ஈரம் எப்படி வெளியேறும்? ஃபேன் நின்றதும் ஷட்டர் மூடிக்கொள்ளும். உங்கள் மானப் பிரச்சினைக்கு அது போதும்.

மாலையில் வந்து சுவிட்சைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள்: “நல்லா இழுக்குதே, இதெல்லாம் உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?”