காற்றூட்டுக் குதிரும் கடற்கரை நெல்லும்

அடியில் துளைத்தகடும் பக்கத்தில் மின்விசிறியும் பொருத்திய இரும்புக் குதிர்களைப் பற்றி நம் அங்கத்தினர் பலர் அண்மையில் விசாரித்து வருகின்றனர். நெல்லைக் கொட்டி விசிறியை முடுக்கிவிட்டால் அது உலர்ந்தும் குளிர்ந்தும் இருக்கும், களத்திலேயே வந்த விலைக்குத் தள்ளிவிடும் நிலை ஒழியும் என்பது அவர்தம் நம்பிக்கை. நோக்கம் மிக நன்று. ஆயினும், குளிர்நாட்டுச் சமவெளிகளில் கோதுமைக்கும் மக்காச்சோளத்திற்கும் பெரிதும் பயன்பட்டு வரும் ஒரு சாதனத்தைத் திருவாடானையிலோ மண்டபத்திலோ நிறுத்துமுன், நம் காற்றின் இயல்பை எண்ணிப் பார்த்தல் கடனாகும்.

முதலாவது, குளிர்விப்பது வேறு, உலர்த்துவது வேறு. அந்நாடுகளில் அறுவடைக்குப் பின் வரும் இரவுகள் கடுங்குளிர் வாய்ந்தவை. அக்காற்றைத் தானியத்தினூடே செலுத்தினால் வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்கும். வண்டின் பெருக்கம் நின்றுவிடும். நம் கரையிலோ மார்கழி இரவிலும் காற்று 20 டிகிரிக்குக் கீழே செல்வது அரிது. அவ்வெப்பத்தில் வண்டும் அந்துப்பூச்சியும் ஓய்வதில்லை. எனவே விசிறியை நம்பிப் பூச்சிக் கண்காணிப்பைக் கைவிடுவோர் ஏமாறுவர்.

விசிறியால் பயனே இல்லை என்று கூறவில்லை. ஈரநெல் மூச்சுவிடும், தானே சூடேறும், குவியலின் நடுவே கைவிட்டுப் பார்த்தோர் அதனை அறிவர். அந்தச் சூட்டை வெளியேற்றவும், கூரையடியில் நீர் துளித்து மேல்நெல் பூசணம் பிடிப்பதைத் தடுக்கவும் விசிறி நன்கு உதவும். ஒரு மழைநாளில் களம் காயும்வரை நெல்லைக் காப்பாற்றி வைப்பதே பெரிய உதவியன்றோ!

உலர்த்துவதற்கு வருவோம். தை அறுவடையில் மழை குறுக்கிட்டால் நெல் 20 விழுக்காடு ஈரத்தோடு வரும். அரசுக் கொள்முதலின் வழக்கமான எல்லை 17. மழை மிகுந்த ஆண்டுகளில் தளர்வு தருவதுண்டு. சில திங்கள் வைத்திருந்து விற்க 14 வேண்டும், விதைக்கு 13. ஒரு டன் நெல்லை 20-லிருந்து 14-க்குக் கொண்டுவர ஏறத்தாழ 70 கிலோ நீரை வெளியேற்றியாக வேண்டும். குளிர்விக்கப் போதுமான காற்றைப் போலப் பத்து மடங்கேனும் இதற்கு வேண்டும். அதிலும், 80 விழுக்காடு ஈரம் சுமந்த கடற்காற்றை எத்தனை நாள் ஊதினாலும் நெல் ஏறத்தாழ 15-இல் நின்றுவிடும். அளவுக்கு மேல் ஊதினால், உலர்ந்த நெல்லே ஈரத்தை உறிஞ்சிக் கொள்ளும். விசிறி ஓட வேண்டியது வெயில் ஏறிய பின்னரே. இரவெல்லாம் ஓடவிடுவது மின்சாரத்தைச் செலவிட்டு ஈரம் வாங்குவதாகும்.

இதற்கு மாற்று எளியது. 28 டிகிரியில் 80 விழுக்காடு ஈரமுள்ள காற்றை 34 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஒப்பீரப்பதம் 57 ஆகக் குறைகிறது. ஆறு டிகிரிதான்! வியத்நாமின் நோங் லாம் பல்கலைக்கழகத்தார் மூங்கிற்பாயை இரட்டை உருளையாகச் சுற்றி, சிறு விசிறியும் கரியடுப்பும் இணைத்து, ஒரு டன் நெல்லைச் சில நாட்களில் உலர்த்தும் கருவியைப் பரப்பியுள்ளனர். நம் மாவட்டத்திலோ சீமைக் கருவேலத்திற்கும் கரிமூட்டத்திற்கும் பஞ்சமில்லை. நிலத்தைப் பாழாக்கிய மரம் நெல்லையேனும் காக்கட்டும். புகை நெல்லிற் படாதபடி தகட்டுக்குழாய் வழியே சூட்டைச் செலுத்த வேண்டும். விதைநெல்லாயின் 43 டிகிரியைத் தாண்டலாகாது. பாவுக்குக் கஞ்சியிட்டு உலர்த்தும் பரமக்குடி, எமனேசுவரம் நெசவாள அங்கத்தினர்க்கு இந்தக் காற்றுக்கணக்கு புதிதன்று.

இரும்பைப் பற்றியும் ஒரு சொல். 1914-இல் திறந்த பாம்பன் பாலம் தன் வாழ்நாளெல்லாம் உப்புக்காற்றின் துருவோடு போராடியது. 2025 ஏப்ரலில் புதிய பாலமே வந்துவிட்டது. மெல்லிய தகட்டுக் குதிர் கடலோரக் கிராமங்களில் எத்தனை ஆண்டு நிற்கும் என்பதை வாங்குவோர் விற்பவரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுக. மண் குலுக்கையும் மரப் பத்தாயமும், உள்ளே நன்கு உலர்ந்த நெல் இருக்குமாயின், இன்றும் இகழத்தக்கவை அல்ல.

ஆகவே, இரண்டு ஏக்கர் மானாவாரி நெல் வைத்திருக்கும் அங்கத்தினர் தனித்தனியே கடன்பட்டுக் குதிர் வாங்குவதை நான் ஆதரிக்கவில்லை. சங்கம் ஓர் ஈரமானியும், கிடங்கின் அருகே ஓர் உலர்த்துங் குதிரும் வாங்கி வாடகைக்கு விடுவதே தக்கது. கூட்டுறவுத் துறையில் தானியக் கிடங்குகள் அமைக்கும் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2023 மே மாதம் ஒப்புதல் அளித்தது. 2024 பிப்ரவரியில் 11 மாநிலங்களில் முன்னோட்டக் கிடங்குகள் திறக்கப்பட்டன. தேனி மாவட்டச் சங்கம் ஒன்றும் அவற்றுள் அடங்கும். கிடங்கு கேட்கும் சங்கங்கள் உலர்த்தும் வசதியையும் சேர்த்தே கேட்க வேண்டும். ஈரநெல்லுக்குக் கிடங்கு கட்டுவது பூசணத்திற்கு வீடு கட்டுவதாகும்.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே வகுத்துக் கொள்ள வேண்டும். ஒரு டன் கொண்டுவந்தவர் 930 கிலோ திரும்பப் பெறும்போது, மீதி எங்கே என்று கேட்பார். கேட்க அவருக்கு உரிமை உண்டு. உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் எடையும் ஈரமும் அங்கத்தினர் கண்முன் அளக்கப்பட்டு, நீர்க்கழிவு தனிப் பத்தியில் ஏட்டில் ஏறிக் கையொப்பம் பெறப்பட வேண்டும். அந்த ஏட்டின் மாதிரியை அடுத்த பொதுக்குழுவிலேயே முடிவு செய்துவிட்டு, பின்னர் இயந்திரத்திற்கு விலைப்புள்ளி கேட்கலாம்.