குளியலறைக்கு வந்த விருந்தாளி

சென்ற வாரம் ஓர் இரவு நல்ல மழை. மறுநாள் விடிந்ததும் எங்கள் வீட்டுக் குளியலறையிலிருந்து "ஐயோ, பாம்பு!" என்று ஒரு கூச்சல். துடைப்பமும் கையுமாக எல்லோரும் ஓடினோம். ஈரத் தரையில், ஒரு சாண் நீளம்கூட இல்லாமல், கறுப்பாக ஏதோ நெளிந்துகொண்டிருந்தது.

"காதுக்குள்ளே புகுந்துடும்டா, அடி அதை!" என்றாள் பாட்டி.

"வெறும் மண்புழு!" என்று சிரித்தான் அண்ணன் பையன்.

இருவர் சொன்னதும் தவறு. வந்தது புழுப்பாம்பு. பாம்புதான், ஆனால் விஷம் கிடையாது. கீழ்த் தாடையில் பல்லும் கிடையாது. எறும்பு, கறையான்களின் முட்டையும் குஞ்சும்தான் அதற்கு ஆகாரம். காதுக்குள் அதற்கு என்ன வேலை? வளைக்குள் மழைநீர் புகுந்ததால் மேலே வந்திருக்கிறது, பாவம்!

மண்புழுவுக்கு உடம்பெல்லாம் வளையம். இதற்கு வழவழவென்று செதில், நாக்கையும் நீட்டும். மற்றப் பாம்புகளின் வயிற்றில் அகலமான செதில்கள் இருக்கும். இதற்கு முதுகிலும் வயிற்றிலும் ஒரே மாதிரிச் சிறு செதில்கள்தான். கண்கள் செதிலுக்கு அடியில் இரண்டு கரும்புள்ளிகள்; வெளிச்சம் தெரியும், அவ்வளவுதான். தலையும் வாலும் ஒரே பருமன். வால் நுனியில் ஒரு குட்டி முள். அதை ஊன்றித்தான் மண்ணுக்குள் முன்னேறும். பிடித்தால் அந்த முள்ளால் குத்தும்; பயமில்லை.

தலை எது, வால் எது என்று தெரியாததால், தெலுங்கு நாட்டார் இதை 'இரண்டு தலைப் பாம்பு' என்றார்கள். விசாகப்பட்டினத்தில் இருந்த டாக்டர் பாட்ரிக் ரஸ்ஸல், 1796-ல் வெளியிட்ட தம் பாம்புப் புத்தகத்தில் அந்தப் பெயரையே எழுதிவைத்தார். விஞ்ஞானிகள் 2014-ல் இதை இன்டோடிப்லாப்ஸ் என்ற பேரினத்தில் சேர்த்தார்கள்.

இதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. இந்த இனத்தில் ஆணே கிடையாது! ஒவ்வொன்றும் தாய், துணையில்லாமலே முட்டையிடும். ஆகவே பூந்தொட்டி மண்ணில் ஒரே ஒரு பாம்பு ஒளிந்து கப்பலேறினால் போதும், போன இடத்தில் வம்சம் தழைத்துவிடும். 1930-ல் ஹவாய்த் தீவுகளில் இதைக் கண்டார்கள். ஆங்கிலத்தில் இதற்குப் 'பூந்தொட்டிப் பாம்பு' என்றே ஒரு பெயர்.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. கட்டுவிரியன் குட்டியும் சிறியதுதான். அடையாளம் நிச்சயமாகத் தெரியாத எந்தப் பாம்பையும் கையால் தொடாதீர்கள். அடிக்கவும் கிட்டே போகாதீர்கள்.

எங்கள் விருந்தாளியை ஓர் அட்டையில் ஏந்திக் கொல்லைக் கறிவேப்பிலைச் செடியடியில் விட்டேன். நொடியில் மண்ணுக்குள் மறைந்தது.

பாட்டி மட்டும் இன்னமும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள்!