மேயர் வேட்பாளரின் செக்ரோலைக் காட்டுங்கள்!



2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல். லயத்துக் கதவிடுக்குகளில் துண்டுப்பிரசுரங்கள் நிறைந்துவிட்டன. எல்லாவற்றிலும் ஒரு படம், ஒரு கும்பிடு, அதன் கீழே "சேவை வரலாறு". முன்னாள் உறுப்பினர், கோயில் பரிபாலன சபைத் தலைவர், விளையாட்டுக் கழகப் போஷகர், சமாதான நீதவான், சமூக ஜோதி. பக்கம் நிறையப் பதவி. அந்தப் பதவிகளில் இருந்துகொண்டு இவர் செய்தது என்ன என்று தேடினால் ஒரு வரி கிடைக்காது.

நமக்கு இந்த வித்தை செல்லாது. செக்ரோல் என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். பேர் விழ வேண்டுமானால் மலைக்கு ஏற வேண்டும், கொழுந்தை நிறுத்துக் கொடுக்க வேண்டும். நிறை குறைந்தால் அரைப்பேர். பிரட்டுக்களத்தில் தலையைக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போனவருக்கு எந்தக் கணக்கப்பிள்ளையும் பேர் போட்டதில்லை. மேயராக வர ஆசைப்படுகிறவரையும் நாம் அதே தராசில் ஏற்றுவோம். நாற்காலியில் உட்கார்ந்ததற்குப் பேர் கிடையாது. வேலை செய்ததற்கு மட்டுமே பேர்.

"மேயர் பதவி டவுன்காரர் விஷயம், தோட்டத்துக்கு என்ன வந்தது?" என்று சிலர் கேட்கிறார்கள். நுவரெலியா, பதுளை, பண்டாரவளை போன்ற மாநகர சபைகளுக்கு மேயர். ஹட்டன் டிக்கோயா, தலவாக்கலை லிந்துலை போன்ற நகர சபைகளுக்கும் பிரதேச சபைகளுக்கும் தவிசாளர். பெயர் வேறு, பொறுப்பு ஒன்று. சம்பள நாளில் நாம் சாமான் வாங்கும் சந்தை, பஸ் நிலையம், அங்கே நம் பெண்கள் தேடி அலையும் கழிப்பறை, பிள்ளைகள் போகும் நூலகம் எல்லாம் சபையின் கையில். டவுன் குப்பை நம் ஓடைக்கு வருவதும் வராததும் சபையின் கையில். டவுன் எல்லைக்குள் குடியிருந்து கடையிலும் ஹோட்டலிலும் கூலி வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கு அங்கே வாக்கும் இருக்கிறது. இது நம்முடைய விஷயந்தான்.

அடுத்ததாக, வாக்குச்சீட்டைப் பற்றி ஒரு விளக்கம். 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி உறுப்பினர்களில் 60 வீதம் வட்டாரத்திலிருந்தும் 40 வீதம் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். நமக்கு ஒரே ஒரு புள்ளடிதான். அதைக் கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ போடுகிறோம். விருப்பு வாக்கு இல்லை. மேயரின் பெயர் வாக்குச்சீட்டில் இருக்காது. ஒரு கட்சிக்குப் பாதிக்கு மேல் உறுப்பினர் கிடைத்தால் அந்தக் கட்சியே மேயரைப் பெயரிடும். கிடைக்காவிட்டால் முதல் கூட்டத்தில் உறுப்பினர்கள் கூடித் தெரிவு செய்வார்கள். வெளிப்படை வாக்கெடுப்பா, இரகசிய வாக்கெடுப்பா என்பதையும் அவர்களே தீர்மானிப்பார்கள்.

இதன் அர்த்தம் என்ன? புள்ளடி போட்ட பிறகு நம் கையில் ஒன்றும் இல்லை. ஆகவே கேள்வியைத் தேர்தலுக்கு முன்னே கேட்க வேண்டும். "உங்கள் மேயர் வேட்பாளர் யார்? பெயரைச் சொல்லுங்கள். சபையில் இழுபறி வந்தால் நீங்கள் வெளிப்படையாக வாக்களிப்பீர்களா, திரைக்குப் பின்னால் பேரம் பேசுவீர்களா?" இதற்கு மழுப்புகிற கட்சிக்கு நம் புள்ளடி எதற்கு?

பெயர் வந்துவிட்டால் வரலாற்றைப் பார்ப்போம். வரலாற்றை எப்படிப் படிப்பது என்பதற்கு இந்த நாட்டிலேயே பெரிய பாடம் ஒன்று இருக்கிறது. ஏ.ஈ. குணசிங்க என்ற பெயரை மூத்த தோழர்கள் அறிவார்கள். 1922இல் இலங்கைத் தொழிலாளர் சங்கத்தை ஆரம்பித்தவர். 1923 பொது வேலைநிறுத்தம், 1927 துறைமுக வேலைநிறுத்தம், 1929 டிராம் வேலைநிறுத்தம் எல்லாவற்றிலும் முன்னால் நின்றவர். தலைவரிக்கு எதிராகப் போராடியவர். டொனமூர் ஆணைக்குழு வந்தபோது படித்த பெரியவர்கள் பலர் ஏழைக்கு வாக்கு எதற்கு என்று முகம் சுளித்தார்கள். அவர் எல்லோருக்கும் வாக்குரிமை கேட்டார். பின்னர் 1940களின் முற்பகுதியில் கொழும்பு மேயர் ஆனார். ஒரு தொழிற்சங்கவாதி மேயர் நாற்காலியில்! இதைவிட நல்ல துண்டுப்பிரசுரம் யாருக்கு வாய்க்கும்?

ஆனால் அந்தத் துண்டுப்பிரசுரத்துக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. அவருடைய சங்கத்தில் கூட இருந்து உழைத்த கோ. நடேசய்யர் அவரை விட்டுப் பிரிந்தார். 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்கெனத் தனிச் சம்மேளனம் அமைத்தார். 1930களில் வேலை இல்லாத் திண்டாட்டம் முற்றியபோது குணசிங்க முதலாளியை விட்டுவிட்டு மலையாளத் தொழிலாளியையும் இந்தியத் தொழிலாளியையும் எதிரியாகக் காட்டினார். தன் "வீரய" பத்திரிகையையே அதற்குப் பயன்படுத்தினார். பின்னாளில் டி.எஸ். சேனாநாயக்க அரசில் அமைச்சராக இருந்தார். நம் பாட்டன் பாட்டிகளின் குடியுரிமையை 1948இல் பறித்தது அந்த அரசுதான்.

வேலைநிறுத்தங்கள் பொய்யா? இல்லை, அத்தனையும் உண்மை. மேயர் பதவி பொய்யா? அதுவும் உண்மை. பாதி வரலாற்றை மட்டும் படித்தால் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவோம். முழுவதும் படித்தால்தான், நெருக்கடி வந்த நாளில் அந்த மனிதர் யாரைக் கைவிட்டார் என்பது தெரியும். ஒருவருடைய பொதுவாழ்வை அளக்க இதைவிட வேறு படி நமக்கு வேண்டாம். செலவு இல்லாதபோது எல்லோரும் தொழிலாளியின் நண்பர்தான். நட்டம் வரும் நாளில் பக்கத்தில் நின்றாரா என்பதே கேள்வி.

ஆகவே உங்கள் லயத்துக்கு வரும் வேட்பாளரிடம் இவற்றைக் கேளுங்கள்.

ஒன்று: 2018 பெப்ரவரித் தேர்தலில் வந்த சபைகள் 2023 மார்ச் வரை இருந்தன. மாதம் ஒரு கூட்டம் என்று வைத்தாலும் 60 கூட்டம். நீங்கள் உறுப்பினராக இருந்திருந்தால் எத்தனைக்குப் போனீர்கள்? என்ன பிரேரணை கொண்டுவந்தீர்கள்? கூட்டக் குறிப்பில் உங்கள் பெயர் எத்தனை இடத்தில் இருக்கிறது?

இரண்டு: வரவு செலவுத் திட்டத்துக்குக் கை உயர்த்தியபோது அதில் நம் வட்டாரத்துக்கு என்ன இருந்தது என்று பார்த்தீர்களா? கணக்காய்வாளர் நாயகம் உங்கள் சபையின் கணக்கில் குறை சொல்லியிருந்தால் நீங்கள் என்ன செய்தீர்கள்?

மூன்று: சபை கொடுத்த கொந்தராத்துகளில் உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ பங்கு உண்டா?

நான்கு: 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய தேர்தல் பணம் இல்லை என்று நிறுத்தப்பட்டது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று 2024இல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இடையில் இரண்டு வருடம் அதிகாரிகள் சபையை நடத்தினார்கள். அப்போது உங்கள் வாய் திறந்ததா?

ஐந்து: 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என வர்த்தமானியில் வரும்வரை வருடக்கணக்காக வீதியில் நின்றோம். அன்று நீங்கள் எங்கே நின்றீர்கள்?

பதில் சொல்ல மறுத்தால் கவலை இல்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிரசைகள் எல்லோருக்கும் பொது. சபையின் தகவல் அலுவலரிடம் வரவுப் பதிவையும் கூட்டக் குறிப்பையும் எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர் தன் முடிவை அறிவிக்க வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்குத் தோட்டக் கமிட்டியும் நம் ஆசிரியர்களும் எழுதித் தருவோம். தேர்தலுக்குப் பிறகு பதில் வந்தாலும் அது வீண் அல்ல. வென்றவரைக் கேள்வி கேட்க அந்தக் காகிதம் உதவும்.

"அவர் கூரைத்தகரம் கொடுத்தாரே, திருவிழாவுக்குப் பணம் தந்தாரே" என்று சொல்வோரும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களோடு சண்டை இல்லை. மழையில் ஒழுகும் வீட்டில் இருப்பவருக்குத் தகரத்தின் அருமை தெரியும். ஆனால் ஒன்றை யோசியுங்கள். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்கத் தடையாக இருந்தது. நாம் வாக்களித்த சபையே நம் பாதைக்குக் கல் போட முடியாத நிலை. 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. இன்று நமக்கு வருவது சட்டப்படி வர வேண்டிய பொதுப் பணம். அதில் தகரம் வாங்கித் தன் பெயரை எழுதிக் கொடுப்பவர், நம் பொருளையே நமக்குத் தானம் செய்கிறார். சொந்தப் பணத்தில் கொடுத்தேன் என்றால், அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பது அடுத்த கேள்வி.

"நம்மாள்தானே, விட்டுவிடுவோம்" என்ற பேச்சும் வேண்டாம். கங்காணியும் நம்மாள்தான். கடன் துண்டில் நம் பாட்டனைக் கட்டிவைத்தவரும் நம் பாஷை பேசியவர்தான். நம் மனிதர் மேயராக வந்தால் மகிழ்வோம். அவருடைய கணக்கைக் கூடுதல் கவனத்தோடு பார்ப்போம், ஏனென்றால் அவர் தவறினால் பழி நம் எல்லோர் மீதும் விழும்.

நம்முடைய சங்கத்தின் பெயரைச் சொல்லி வாக்குக் கேட்பவருக்கும் இந்த ஐந்து கேள்வியும் உண்டு. விதிவிலக்கு யாருக்கும் இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை தொடங்கி ஒவ்வொரு தோட்டத்திலும் கமிட்டியைக் கூட்டுங்கள். வேட்பாளர்களை அழையுங்கள். மாலையும் மேளமும் வேண்டாம், ஒரு நாற்காலி போதும். பெண் தொழிலாளர்கள் முதலில் கேட்கட்டும், ஏனென்றால் கூடை சுமப்பவருக்குத்தான் நிறை தெரியும். கேள்வியையும் பதிலையும் ஒரு கொப்பியில் எழுதி, கேட்டவரும் சொன்னவரும் கையொப்பம் இடட்டும். அந்தக் கொப்பியைத் தோட்டத் தலைவர் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அடுத்த தேர்தலுக்கு அதுதான் அவருடைய சேவை வரலாறு.

பேர் போட்டுக் கொடுக்கும் புத்தகம் இவ்வளவு காலமும் வேறொருவர் கையில் இருந்தது. மே 6ஆம் திகதி அது நம் கையில். வேலை செய்தவருக்கு முழுப்பேர், செய்யாதவருக்குப் பேர் இல்லை!