உளி பிடிக்கும் கைக்குச் சான்றிதழ் வேண்டாமா?

காவாந்தண்டலத்தில் பத்தாம் வகுப்பு முடித்த பையன் ஒருவன் மேஸ்திரி பின்னால் தச்சு வேலைக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாண்டில் நிலை, ஜன்னல், செண்டரிங் எல்லாம் அத்துப்படியாகிவிடும். ஆனால் கையில் ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. அடிபட்டால் கேட்க நாதியில்லை. கூலியிலும் மேஸ்திரி சொன்னதே தீர்ப்பு!

தொழிலைக் குறை சொல்லவில்லை. ஜகரிய்யா நபி (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்கிறது ஹதீஸ். குறை, கற்கும் வழியில்தான்.

1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் என்ன சொல்கிறது? ஒப்பந்தம் எழுதி, மாத உதவித்தொகை கொடுத்துக் கற்றுத்தர வேண்டும். பயிற்சியில் காயம்பட்டால் நஷ்டஈடும் தரவேண்டும். 2019-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி 30 பேர் வேலை செய்யும் நிறுவனம் பழகுநரைச் சேர்த்தே ஆகவேண்டும். 4 பேர் உள்ள பட்டறையும் விரும்பினால் சேர்க்கலாம். 2016-இல் மத்திய அரசு கொண்டுவந்த ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையின் கால்பங்கு, மாதம் 1500 ரூபாய் வரை, அரசின் பொறுப்பு.

மரவாடியும் பர்னிச்சர் கடையும் நடத்தும் வியாபாரிகளே! ‘வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை’ என்று புலம்புவதை விட்டு, கடைக்கு ஒரு பையனைச் சட்டப்படி சேர்த்தால் என்ன?

இளைஞர்களே! தொழில் மட்டும் போதாது. தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்காமல் பட்டறைப் படியை விட்டு இறங்காதீர்கள்!